மேற்கே பத்தொன்பது சுற்று

கடிதம் அஞ்சலட்டையில் வந்திருந்தது. கரும்பலகையில் எழுதிப் பழகிய கை. எழுத்துகள் பெரிதாக, ஒன்றையொன்று தொடாமல் நின்றன.

'எங்கள் செவ்வந்தி நகரில் இருபத்திரண்டு வீடுகள். ஒரு வீட்டிலும் ஆழ்குழாய்க் கிணறு கிடையாது. வரும் வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குத் தாமிரபரணித் தண்ணீர் முதல் தடவையாகக் குழாயில் வருகிறது. தங்கள் நிருபர் ஒருவர் வந்து பார்க்க வேண்டும். செண்பகம், பூகோள ஆசிரியை, பாளையங்கோட்டை.'

ஆசிரியர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "குழாயில் தண்ணி வர்றது ஒரு செய்தியாய்யா?" என்று கேட்டார். பிறகு ஜன்னல் வழியே எதிர்த் தெருவைப் பார்த்தார். தண்ணீர் லாரிக்காகப் பச்சை, மஞ்சள் பிளாஸ்டிக் குடங்கள் முக்கு வரை வரிசையில் நின்றன. "செய்திதான். போயிட்டு வா" என்றார்.

தொண்ணூறுகளின் பின்பாதி. ஆனி மாதம். சென்னையில் எங்கள் தெருக் குழாய்க்கு அப்போது ஒரு முறை இருந்தது. முதலில் தும்மும். பிறகு இருமும். பிறகு நீளமாக ஒரு பெருமூச்சு விடும். அதற்கப்புறம்தான் தண்ணீர். தும்மல் கேட்டதும் ஓடி வந்து குடம் வைக்கிறவர்களுக்குத்தான் பிழைப்பு. இந்தப் பயணத்துக்கு நான் எடுத்துப் போனவற்றில் உருப்படியாகப் பயன்பட்டது அந்த ஞானம் ஒன்றுதான்.

புதன்கிழமை காலை திருநெல்வேலி ஜங்ஷன். இறங்கியதும் காற்று சட்டையைப் பிடித்து இழுத்தது. ஈரக் காற்று. மேலே மேகம், சூரியனைக் காணோம். விடுதி அறையில் குழாயைத் திறந்தேன். உடனே தண்ணீர் வந்தது. தும்மல் இல்லை, இருமல் இல்லை. பயந்துபோய் மூடிவிட்டு மறுபடி திறந்தேன். மறுபடியும் வந்தது. பழக்கதோஷத்தில் ஒரே வாளியில் குளித்து முடித்துவிட்டு வெளியே வந்தால், மாடித் தொட்டி நிரம்பிச் சுவரோடு வழிந்துகொண்டிருந்தது. மேனேஜரிடம் ஓடினேன்.

"தொட்டி வழியுதுங்க!"

"வழியட்டும் சார்" என்றார், பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஆறு பக்கத்துலதான ஓடுது."

இட்லி சாப்பிட உட்கார்ந்த இடத்தில் எனக்கு வேறு ஒரு பிரச்சினை தொடங்கியது. பரிமாறுகிறவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "கெழக்க ரெண்டு இட்லி! வடக்க ஒரு காப்பி!" பிறகு என்னிடம், "சார், கொஞ்சம் மேக்க தள்ளி உக்காருங்க" என்றார்.

நான் தள்ளி உட்கார்ந்தேன். பக்கத்து இலையின் சாம்பாரில் என் முழங்கை இறங்கியது. இலைக்காரர் என்னை நிதானமாகப் பார்த்தார்.

"மேக்கன்னா மேக்க, வே. இது தெக்கு."

இந்த ஊரில் இடது கிடையாது, வலது கிடையாது. சட்டைப் பொத்தான் கழன்றிருந்தால்கூட மேற்குப் பக்கப் பொத்தான் என்பார்கள் போலிருந்தது. பிறந்ததிலிருந்து பஸ் நம்பரையும் சினிமாக் கொட்டகையையும் வைத்தே வழி கண்டுபிடித்த எனக்குத் திசை என்பது வீட்டு மனை விளம்பரத்தில் வருகிற சமாசாரம். கிழக்குப் பார்த்த மனை என்று போடுவார்கள், அவ்வளவுதான் பரிச்சயம்.

பாளையங்கோட்டை போகிற டவுன் பஸ் பாலத்தில் ஏறியது. கீழே ஆறு. மணலின் நடுவே ஒரு ஓடை என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். கரைக்குக் கரை ஓடியது. படித்துறையில் ஒருவர் மாட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். அவருக்குக் கீழே சோப்பு நுரை. நுரைக்குக் கீழே ஒருவர் கண்ணை மூடி முங்கி எழுந்து சூரியன் இல்லாத வானத்தைக் கும்பிட்டார். நான் என்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். பஸ்ஸில் வேறு ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"என்ன சார்" என்றார் பின் சீட்டுக்காரர் அக்கறையாக. "யாராச்சும் விழுந்துட்டாங்களா?"

கண்டக்டர் சொன்ன நிறுத்தத்தில் இறங்கி, "தெக்க நடங்க" என்று அவர் சொன்னதைப் பின்பற்றி வடக்கே நடந்து, அரை மணி நேரம் கழித்துச் செவ்வந்தி நகருக்கு வந்து சேர்ந்தேன். செம்மண். இரண்டு பனை. புதுச் சுண்ணாம்பு அடித்த வீடுகள். சில வீடுகளுக்கு இன்னும் படி கட்டவில்லை. வாசலுக்கு வாசல் பளபளவென்று ஒரு பித்தளைக் குழாய், பிரிக்காத பரிசுப் பொட்டலம் மாதிரி.

செண்பகம் டீச்சர் மொபெட்டில் வந்து இறங்கினார். ஐம்பது வயதிருக்கும். மெலிந்த உடம்பு, கனத்த குரல். ஹேண்டில்பாரில் ஒரு குடை, ஒரு பை, பையிலிருந்து எட்டிப் பார்க்கும் உலக வரைபடச் சுருள்.

"வழி கண்டுபிடிச்சுட்டீங்களா? தெக்கதான சொன்னான் கண்டக்டர்?"

"ஆமாம்" என்றேன்.

விஷயத்தை அவர் பாடம் நடத்துவதுபோல் சொன்னார். இந்தப் பக்கம் பூமிக்குக் கீழே உப்பு. ஆழமாகத் துளைத்தால் நல்ல தண்ணீர் கொஞ்சம் கிடைக்கும். ஆனால் ஒரு வீடு துளைத்தால் பக்கத்து வீடு அதைவிட ஆழமாகத் துளைக்கும். "இருவத்திரண்டு வீடும் போட்டி போட்டு உறிஞ்சினா மேல உள்ள நல்ல தண்ணி தீந்து உப்புதான் மிஞ்சும். அப்புறம் உங்க ஊரு லாரிய இங்கன நிறுத்தவேண்டியதுதான்." அதனால் வீடு வீடாக ஏறி இறங்கி, ஆற்றுத் தண்ணீர் வரும்வரை யாரும் துளை போடுவதில்லை என்று வாக்கு வாங்கியிருந்தார். இரண்டு வருஷமாக அந்த வாக்கு நிற்கிறது. இப்போது அதற்கு ஒரு கெடு விழுந்திருந்தது.

கெடு வைத்தவர் முக்கு வீட்டுச் சங்கரலிங்கம் பிள்ளை. வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். நெற்றியில் திருநீறு, தோளில் துண்டு, சைக்கிள் கேரியரின் இரு பக்கமும் இரண்டு குடம். அப்போதுதான் தொலைவில் உள்ள பொதுக் குழாயிலிருந்து தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்து இறங்கினார்.

"மெட்ராஸ்ல இருந்து ஆளையே கூட்டிட்டு வந்துட்டீங்களா டீச்சர்? தண்ணி வந்தாச்சா?"

"வெள்ளிக்கிழமை அண்ணாச்சி."

"ரெண்டு வருசமா வெள்ளிக்கிழமைதான்" என்றார் அவர் என் பக்கம் திரும்பி. "பாரும் சார், என் வீட்டுக்காரிக்கு முட்டு வலி. நான் அறுவது தாண்டியாச்சு. நித்தம் நாலு கொடம் இப்பிடிக் கட்டிச் சுமக்கேன். டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனா பாடம் படிச்சுத் தாகம் தீருமா? வெள்ளிக்கிழமை வெளக்கு வைக்கிற வரைக்கும் பாப்பேன். வரலேன்னா சனி காலைல துளை. லாரிக்குச் சொல்லியாச்சு."

டீச்சர் குடங்களை இறக்கக் கை கொடுத்தார். பிள்ளை உள்ளே போனதும், "அவரு போட்டா அன்னைக்கு மத்தியானமே எல்லாரும் போடுவாங்க" என்றார். "அவரு மேல தப்பில்ல. கொடம் அவருல்லா சுமக்காரு."

மத்தியானம் டீச்சர் வீட்டில் சொதி. தேங்காய்ப் பாலில் காய்கறி வெந்த வெளிர் மஞ்சள் குழம்பு. தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு. மூன்றாவது முறை சோறு வாங்கும்போது குறிப்பேட்டை மூடிவைத்துவிட்டேன்.

சாயங்காலம் ஆற்றங்கரைப் பம்ப் வீடு. நகரத்துக்கு மேற்கே, ஆற்று மணலுக்குள்ளேயே ஒரு பெரிய வட்டக் கிணறு; கரையிலிருந்து அதற்கு ஒரு சிறு பாலம். ஆற்றுத் தண்ணீர் மணலில் வடிந்து கிணற்றில் ஊறுகிறது, மோட்டார் அதை ஊருக்குத் தள்ளுகிறது. மோட்டாரைப் பார்த்துக்கொள்பவர் இசக்கி. நாற்பது வயது, காதில் பென்சில், மோட்டார் இரைச்சலில் பேசிப் பேசி எப்போதும் உரத்த குரல்.

"மணல்தான் சார் எங்களுக்கு வடிகட்டி! அதத்தான் லாரில அள்ளிட்டுப் போறானுவ!" என்று என் காதருகே கத்தினார். கிணற்றின் வெளிச் சுவரில் பாசி படிந்த கோடு ஒன்று என் தலைக்கு மேலே இருந்தது. மணல் ஒரு காலத்தில் அதுவரை இருந்ததாம். "அந்த மணல்லதான் புது வீடு கட்டுதான். கட்டிட்டு எங்கிட்ட வந்து தண்ணி எங்கன்னு கேக்கான்!"

வெள்ளிக்கிழமை செவ்வந்தி நகர் முக்கில் வால்வைத் திறக்கப்போவதும் இசக்கிதான். வழக்கமாகத் திறக்கும் சுடலைமுத்து மஞ்சள்காமாலையில் படுத்திருந்தார். தெருத் தெருவாக எந்த வால்வை எப்போது எத்தனை சுற்று என்பது அவர் கையில்தான் இருந்தது, காகிதத்தில் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி சிகரெட் அட்டையின் உள்பக்கம் எழுதிக் கொடுத்திருந்தார். இசக்கி அதைச் சட்டைப் பையிலிருந்து பத்திரமாக எடுத்துக் காட்டினார். 'முக்கு வால்வு. மேக்க தள்ளு. பத்தொம்பது சுத்து.' அப்படியே குறித்துக்கொண்டேன். நிருபன் புத்தி, எழுத்து எது கிடைத்தாலும் படி எடுத்துக்கொள்ளும்.

வியாழக்கிழமை ஒரு நாள் கையில் இருந்தது. தண்ணீர் இறங்கி வரும் மலையைப் பார்க்கலாமே என்று மாஞ்சோலைக்குக் கிளம்பினேன். அம்பாசமுத்திரம் பஸ் நிலையத்தில் விசாரித்தேன்.

"மேக்க பாத்து நிக்குத பஸ்ல ஏறும்" என்றார் நேரக் காப்பாளர்.

இரண்டு பஸ்கள், முதுகோடு முதுகாக நின்றன. வானத்தைப் பார்த்தேன். ஒரே சாம்பல் நிறம். மறுபடி கேட்க வெட்கமாக இருந்தது. ஒன்றில் ஏறினேன். முக்கால் மணி நேரத்தில் பாபநாசத்தில் இறங்கினேன். மாஞ்சோலையை இந்தப் பிறவியில் பார்ப்பேனா என்று தெரியாது.

ஆனால் தவறாக ஏறியதற்காக ஒரு நிமிஷமும் வருந்தவில்லை. மலை அங்கே கதவைத் திறந்ததுபோல் இருக்க, ஆறு பாறை பாறையாகக் குதித்து இறங்கி வந்தது. அணை திறந்திருந்தார்கள், கார் பருவ நெல் சாகுபடிக்கு. படித்துறையில் ஜனங்கள் பொரி போட, கைநீளம் உள்ள மீன்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி வாயைத் திறந்தன. நானும் இறங்கினேன். தண்ணீர் எலும்பு வரை குளிர்ந்தது. கத்தினேன். பக்கத்தில் குளித்தவர் சிரித்துக்கொண்டே, "பைய முங்கும் வே, ஓடிறாது" என்றார்.

காலில் ஏதோ சுற்றியது. பாம்பு என்று துள்ளினேன். சேலை. குளித்து முழுகியதும் உடுத்தியிருந்த துணியை ஆற்றோடு விட்டுவிடுவது பலருக்கு வழக்கம். பாவமும் அதோடு போய்விடும் என்கிறார்கள். படிக்குக் கொஞ்சம் கீழே ஒருவர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, மூங்கில் கழியில் கட்டிய கொக்கியால் அந்தப் பாவங்களை இழுத்துக் கரையில் போட்டுக்கொண்டிருந்தார். என் இடுப்பு உயரத்துக்குக் குவியல். பூப் போட்ட ஒரு நைலான் சேலையைப் பாறையிலிருந்து பிடுங்கிக்கொண்டே, "பூராவும் நைலான் சார். பாவம் வேணா போவும். இது போவாது" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம். ஆறு கூடவே வந்தது. வாய்க்கால்கள் பிரிந்து பிரிந்து வயலுக்குப் போயின, உழவு நடந்தது, நாற்று பச்சையாக நின்றது. ஊர் நெருங்க நெருங்க அதே வாய்க்கால் நிறம் மாறியது. மேலப்பாளையத்தைத் தாண்டும்போது ஆகாயத்தாமரை மூடிக் கிடந்தது. வீட்டுச் சாக்கடைகள் வரிசையாக அதில் இறங்கின. காலையில் நான் முங்கிய அதே தண்ணீர்தான். அந்தப் பயணத்தில் ஒன்று மட்டும் மண்டையில் ஏறியது. மலை மேற்கே, கடல் கிழக்கே; ஆறு ஓடுகிற பக்கம்தான் கிழக்கு. இந்த ஊர்க்காரர்கள் சூரியனையே பார்ப்பதில்லை, காலடியில் ஆறு ஓடுகிறது என்று புரிந்தது. திருநெல்வேலி டவுனில் இறங்கி, வாழை இலைத் துண்டில் சூடாக ஒட்டிய அல்வாவை நின்றபடியே விழுங்கினேன். "ருசிக்கு என்ன போடுதீங்க?" என்று ஊர்ப் பேச்சில் கேட்டுப் பார்த்தேன். எடை போட்டவர் நிமிரவில்லை. "தண்ணி" என்றார்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கே செவ்வந்தி நகர் தெருவில் இருந்தது. வாசலுக்கு வாசல் கோலம். குழாய்களுக்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் பிச்சிப்பூ. ஒவ்வொன்றின் கீழும் விளக்கிய வெண்கலக் குடமோ எவர்சில்வர் குடமோ. டீச்சர் பட்டுச் சேலையில் வந்திருந்தார். மொபெட்டுக்கும் பூ வைத்திருந்தார். இருபத்திரண்டு வீட்டுக்காரர்களும் ஆளுக்கொரு குழாயைக் காவல் காத்தார்கள்.

முக்கில் வேறொன்றும் வந்து நின்றது. ஆழ்துளை போடும் லாரி. திருச்செங்கோட்டிலிருந்து இரவெல்லாம் ஓட்டி, ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டார்கள். பிள்ளை வீட்டு மதிலை ஒட்டி, இரும்புக் குழாய்களை முதுகில் சுமந்துகொண்டு யானை மாதிரி நின்றது. டிரைவர் உள்ளே தூங்கினார். மற்ற இருவர் அடுப்பு மூட்டிச் சோறு பொங்கினார்கள். அவர்களும் பிள்ளை வீட்டிலிருந்துதான் ஒரு குடம் தண்ணீர் வாங்கியிருந்தார்கள்.

நாலு மணி. எல்லாரும் குழாயைத் திறந்துவைத்தார்கள். தண்ணீர் வரவில்லை.

நாலரை. பூவைச் சரிசெய்தார்கள். "நல்ல நேரம் பாத்து வருமா இருக்கும்" என்று யாரோ சொல்ல, சிலர் சிரித்தார்கள்.

ஐந்து மணிக்கு இசக்கி சைக்கிளில் வந்தார், வேர்த்து. தோளில் ஆள் உயர இரும்புச் சாவி. மேலே குறுக்காக ஒரு பிடி. "பம்பு ஓடுது. முக்கு வால்வ முழுசாத் தொறந்தாச்சு. பத்தொம்பது சுத்து வேண்டியிருக்கல, சோதனை பண்ணுனப்பவே சுடலைமுத்து தொறந்து வச்சிட்டாரு போல. இதுக்கு மேல சுத்தவே மாட்டேங்கு. எங்கனயோ குழாய் ஒடஞ்சிருக்கு."

கடப்பாறை வந்தது. ஓர் இடத்தில் தோண்டினார்கள்; குழாய் முழுசாக இருந்தது. இன்னோர் இடத்தில் தோண்டினார்கள், அங்கும் முழுசு. கூட்டத்தில் குரல்கள் எழும்பின.

"ஆத்துல தண்ணி கொறஞ்சு போச்சோ?"

"ஏலே, கரை தட்டி ஓடுது, கோட்டித்தனமாப் பேசாத."

"டீச்சர் பேச்சக் கேட்டு ரெண்டு வருசம் போச்சு பாத்துக்கோ."

டீச்சர் அதைக் கேட்டார். முகம் மாறவில்லை, கைக்குட்டையை மட்டும் மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தார். பிள்ளை தன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்கு வானத்தைப் பார்த்தார். சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. ஆனால் கெடு கெடுதான். விளக்கு வைக்க இன்னும் ஒரு மணி நேரம்.

நான் ஒரு குழாயருகே போய் உட்கார்ந்து காதை வைத்தேன். தும்மல் இல்லை. இருமல் இல்லை. பெருமூச்சு இல்லை. குழாய் உடைந்திருந்தாலும், தண்ணீர் பாதி வழியில் நின்றாலும், காற்றாவது முன்னால் ஓடி வரும். சென்னையில் எத்தனையோ விடிகாலைகள் கேட்ட சத்தம் அது. இந்தக் குழாய் செத்த குழாய். எங்கோ அடைத்திருந்தால்தான் இந்த மௌனம்.

"இசக்கி, அந்த வால்வைக் காட்டுங்க" என்றேன்.

"நீரு என்ன, குழாய் பிட்டரா?"

"இல்லை. ஆனா எங்க ஊர்ல குழாய் மூடியிருந்தா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

முக்குக்குப் போனோம். டீச்சரும் வந்தார். பின்னால் பாதித் தெருவும் வந்தது. வால்வுக் குழி லாரியின் சக்கரத்தை ஒட்டி இருந்தது. சாவியின் பிடி சுற்ற இடம் இருந்தது. லாரிப் பக்கம் ஆள் நிற்கத்தான் இடமில்லை. இசக்கி லாரியைப் பார்த்தபடி நின்று சாவியை இறக்கி, பிடியைத் தம் பலமெல்லாம் கூட்டித் தள்ளினார். அசையவில்லை.

"பாத்தீரா? மேக்க தள்ளுதேன். முழுசாத் தொறந்தாச்சு."

குறிப்பேட்டைப் புரட்டினேன். 'மேக்க தள்ளு.' ஆறு ஓடும் பக்கத்தை மனதில் நிறுத்திக் கணக்குப் போட்டேன். மேற்கு இப்போது இசக்கியின் இடது கைப் பக்கம்.

"சுடலைமுத்து எங்கே நின்னு தள்ளுவார்?"

டீச்சர் சொன்னார். "போன மாசம் தண்ணி விடாம வால்வச் சோதனை பண்ணுதப்போ நான் பக்கத்துலதான நின்னேன். அவரு பிள்ளை அண்ணாச்சி வீட்டு மதில்ல சாஞ்சு நின்னுக்கிட்டுத் தள்ளினாரு." மதில் இப்போது லாரிக்குப் பின்னால் இருந்தது.

"அப்படின்னா அவர் வலது பக்கம் தள்ளியிருக்கார். நீங்க இடது பக்கம் தள்றீங்க."

"எடமாவது வலமாவது!" என்றார் இசக்கி. "மேக்க தள்ளச் சொன்னாரு, மேக்க தள்ளினேன். எங்க நின்னாலும் மேக்கு மேக்குதான், வே!"

கூட்டம் தலையாட்டியது. மெட்ராஸ்காரனுக்கு மேற்கு தெரியாது என்று யாரோ சொன்னது கேட்டது. ஆனால் டீச்சர் தலையாட்டவில்லை. பிள்ளை வீட்டுக் கோலத்திலிருந்து ஒரு பிடி மாவை அள்ளி, ரோட்டில் குந்தி ஒரு வட்டம் போட்டார். நாலு திசையிலும் புள்ளி வைத்தார். சுடலைமுத்து நின்ற வடக்குப் புள்ளியில் விரலை வைத்து மேற்கே நகர்த்தினார். பிறகு இசக்கி நிற்கும் தெற்குப் புள்ளியில் வைத்து மேற்கே நகர்த்தினார். விரல் வட்டத்தில் எதிர் எதிராகப் போயிற்று. இன்னொரு தரம் செய்தார். பிறகு பட்டுச் சேலையோடு அப்படியே ரோட்டில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார்.

"முப்பது வருசமா பூகோளம் நடத்துதேன்! இசக்கி அண்ணாச்சி, நீங்க திறக்கல. மூடியிருந்தத இன்னும் இறுக்கிட்டீங்க!"

இசக்கி வட்டத்தைப் பார்த்தார். சிகரெட் அட்டையைப் பார்த்தார். லாரியைப் பார்த்தார்.

"அப்ப... கெழக்க தள்ளணுமோ?"

"கெழக்க!"

தள்ளினார். முதலில் ஒன்றுமில்லை. இரண்டு பேர் சேர்ந்து பிடித்தார்கள். பூமிக்குள் ஏதோ முனகியது. பிடி நகர்ந்தது.

"ஒண்ணு!" என்றது தெரு.

எண்ணிக்கையைக் கேட்டு லாரி டிரைவர் விழித்து எட்டிப் பார்த்தார். அடுப்புக்காரர்கள் எழுந்து வந்தார்கள். "ஏழு! எட்டு!" பிள்ளையும் நாற்காலியை விட்டு எழுந்து குழியருகே வந்திருந்தார், வாய்க்குள்ளாக அவரும் எண்ணினார். "பதினெட்டு! பத்தொம்பது!"

நான் பிள்ளை வீட்டுக் குழாய்க்கு ஓடினேன்.

தும்மியது.

"வருது!" என்று கத்தினேன். ஒருவரும் நம்பவில்லை, வெறும் காற்றுக்கு ஏன் இந்த மனுஷன் குதிக்கிறான் என்று பார்த்தார்கள். குழாய் இருமியது. பெருமூச்சு விட்டது. பிச்சிப்பூ ஆடியது. பிறகு செம்மண் நிறத்தில் கொஞ்சம், பால் நிறத்தில் கொஞ்சம், அப்புறம் கண்ணாடி மாதிரி தடித்த ஒரு தாரை குடத்தில் விழுந்து டங்கென்று சத்தம் போட்டது. தெரு நெடுக அதே சத்தம், வீடு வீடாக. முதல் நாள் பாபநாசத்தில் என் எலும்பைக் குளிரவைத்த தண்ணீர். கையை நீட்டினேன். இன்னும் கொஞ்சம் குளிர் மிச்சமிருந்தது.

பிள்ளை இரு கையாலும் ஏந்திக் குடித்தார். துண்டால் வாயைத் துடைத்தார். உள்ளே திரும்பி, "ஏட்டி, வெளக்க ஏத்து!" என்றார். பிறகு டீச்சரிடம், "வந்துட்டு, சரி. கோடைலயும் வரணும்" என்றார்.

"வராட்டா உங்களோட நானும் கொடம் சுமக்கேன் அண்ணாச்சி."

"நீங்க மொபெட்ல வச்சிட்டுப் போயிருவீங்க."

சனிக்கிழமை காலை விடைபெறப் போனேன். வாசல்களில் ஈரம் காயவில்லை. லாரிக்காரர்கள் தங்கள் டிரம்மைக் குழாயில் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். பிள்ளை சங்கடத்தோடு டிரைவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். டிரைவர் பெருந்தன்மையாக, "அதனால என்னங்க. பக்கத்துல இன்னொரு நகர்ல கூப்பிட்டிருக்காங்க. இங்கிருந்து கெழக்காலயாம்" என்றார். வானத்தை அண்ணாந்து பார்த்தார். மேகம். "புது ஊருங்களா, திக்கே புரியலீங்க. கெழக்கு எந்தப் பக்கமுங்க?"

ஒரு கணமும் யோசிக்காமல் கையை நீட்டினேன். "அதோ. ஆறு போகிற பக்கம்."

சரியாகச் சொன்னேன். அந்த ஊரில் நான் சரியாகச் சொன்ன முதல் திசை. பெருமையோடு திரும்பினால் டீச்சர் இடுப்பில் கை வைத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலு நாளா தெக்கும் வடக்கும் தெரியாமக் கெடந்தீங்க. இன்னைக்குப் பாத்து அவனுக்குக் கெழக்கக் காட்டிட்டீங்களே சார்!"

அந்த நகருக்குக் குழாய் இன்னும் போகவில்லை. எத்தனை வீடுகள் என்று, வால்வைப் பார்க்க வந்திருந்த இசக்கியிடம் டீச்சர் கேட்டார். முப்பது இருக்கும் என்றார் அவர். டீச்சர் பையிலிருந்து, வாக்குக் கொடுத்த வீடுகளைக் குறித்திருந்த ஒரு நோட்டை எடுத்துப் புதுப் பக்கம் புரட்டினார், மடித்துவைத்தார், மொபெட்டை உதைத்தார். நேற்றைய பூ இன்னும் ஹேண்டில்பாரில் இருந்தது. லாரி உறுமி, பின்வாங்கி, முன்பக்கத்தைத் திருப்புவதற்குள் அவர் அதைத் தாண்டிக் கிழக்கே போய்க்கொண்டிருந்தார்.